சின்னவள் கை

முதல் குத்திலேயே ரத்தம் வந்துவிட்டது. வந்தது சின்னவளுக்கு.

ரத்தப் பரிசோதனைக்காக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த டாக்சி டிரைவர், ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து, "எப்பம்மா குத்துவீங்க?" என்று கேட்டார்.

"எடுத்தே முடிச்சாச்சு சார். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க."

"அட! எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியலையே!"

கதவோரம் தன் முறைக்காக நின்றிருந்த பெரியவளுக்குத்தான் எங்கேயோ சுருக்கென்றது.

பெரியவளும் சின்னவளும் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மாடியில் ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம், சமையலறை மட்டும் பொது. இப்போது வேலை செய்யும் இடமும் பொதுவாகிவிட்டது. அதுதான் பெரியவளுக்கு ஆறவே இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஒரே கண்ணாடித் தடுப்பு, ஒரே இயந்திரம், ஒரே "சில்லறை இருக்கா?" வயது நாற்பதைத் தாண்டியபோது ஒரு நாள், இதையே செய்து கிழவியாகிவிடுவேனோ என்று பயம் வந்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் ஒன்றில், ரத்தம் எடுக்கப் பயிற்சி கொடுத்து வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாழ்க்கையில் தனக்கே தனக்கென்று அவள் செய்த முதல் காரியம் அது.

மறுநாளே சின்னவள் வந்து நின்றாள். "நானும் சேர்ந்துட்டேன் அக்கா. உங்களுக்குத் துணையா இருக்கும்ல?"

துணையாம்!

லேப்பில் இவர்களுக்கு மேலே இருந்த அம்மாவுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ஜெனரல். குள்ளமான உருவம், குரல் மட்டும் மைதானத்துக்குப் போதும். பாராட்டு என்று ஒன்று அந்த வாயிலிருந்து வந்தால், அது "பரவாயில்லை" என்ற அளவில் நின்றுவிடும்.

ஜெனரல் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்த முதல் வாரத்தில் பெரியவளுக்கு அந்தப் "பரவாயில்லை" கிடைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே ஜெனரல் சின்னவளைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை வித்தியாசம், தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி பெரியவளின் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கே வீட்டில் சின்னவளின் புருஷன் மாடிப்படியில் நின்று அண்ணனிடம் பெருமையடித்தான். "எங்க மேடத்துக்கு கை ராசியாம்ண்ணே! இனிமே கேட்டு வாங்கி அவகிட்டதான் குத்திப்பாங்களாம்!"

பெரியவளின் கணவர் அப்பாவியாகத் திரும்பி, "உனக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ம்... எனக்குக் கால் ராசின்னாங்க. தள்ளுங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

*

பயிற்சி முடிந்ததும் ஜெனரல் தன் கண்ணாடி அறைக்குத் திரும்பிவிட்டார். அங்கே இயந்திரங்கள், ரிப்போர்ட்டுகள், ஓயாத தொலைபேசி. ரத்தம் எடுக்கும் அறையில் மாற்றி மாற்றி நின்றது இந்த இரண்டு பேர்தான்.

அப்போதுதான் பெரியவள் கவனிக்க ஆரம்பித்தாள். சின்னவள் கையில் அப்படி என்னதான் இருக்கிறது?

ரத்தம் எடுக்கும் ஊசியின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பிடி இருக்கும். ஊசி நரம்புக்குள் போனதும், பிடிக்குள் ஒரு ட்யூபைச் செருகினால் ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். பல பரிசோதனை என்றால் பல ட்யூப். ஒன்றை உருவி அடுத்ததைச் செருகும்போது ஊசி ஓர் இம்மிகூட அசையக்கூடாது. அசைந்தால் ரத்தம் நின்றுவிடும், தோல் நீலம் பாரித்துவிடும், மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

சின்னவளுக்கு அசைந்ததே இல்லை. சாமான் தட்டைத் தனக்கு வலப்பக்கம் வைப்பாள். ஆளுக்கு எப்போதும் ஒரே பக்கம் நிற்பாள். "மூச்சை இழுத்து, மெதுவா விடுங்க" என்பாள். பிடியை இடது கையில் அழுத்தமாக வைத்துக்கொண்டு, வலது கையால் ட்யூபுகளை உருவுவதும் செருகுவதும் நாட்டியம் மாதிரி இருக்கும்.

பெரியவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதே பக்கம் தட்டு, அதே பக்கம் நிற்பது, அதே மூச்சு. ஊசி உள்ளே போனதும் அவளும் பிடியை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையால் ட்யூபை எடுத்தாள்.

விளைவு வேறு மாதிரி இருந்தது. முதல் ட்யூப் நிறையும், இரண்டாவது காய்ந்து கிடக்கும். சிலருக்கு முதலாவதே பாதியில் நின்றது. "இன்னொரு தடவை பார்க்கலாமா சார்?" என்று கேட்டுக் கேட்டு அவள் நாக்கு தேய்ந்தது.

வாரா வாரம் ரத்தம் கொடுக்க வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். வெயிலோ மழையோ, கையில் குடை இருக்கும். லேப்பில் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். பெரியவளிடம் ஒரு முறை மாட்டினார். அடுத்த வாரம் வந்தபோது சட்டைக் கையை மடித்து, கத்தரிக்காய் நிறத்தில் இருந்த முழங்கை மடிப்பைக் காட்டினார்.

"பார்த்தீங்களாம்மா, உங்க கைவேலை! என் சம்சாரம் என்கிட்ட யாரோட சண்டை போட்டீங்கன்னு கேக்குறா."

"மன்னிச்சுக்கோங்க சார்."

"மன்னிச்சாச்சு. சின்ன மேடம் இருக்காங்களா?"

சின்ன மேடம் இருந்தாள். எப்போதும் இருந்தாள். காத்திருக்கும் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, பெரியவள் நின்றால் "நாங்க கொஞ்சம் வெயிட் பண்றோம்" என்று மறுபடி போய் உட்கார ஆரம்பித்தார்கள். வெறும் வயிற்றோடு, பசியோடு, காத்திருப்பதே மேல் என்று உட்கார்ந்தார்கள்.

பெரியவள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் குத்திக் குத்திப் பழகினாள். கணவரின் கையை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"எதுக்குடி அப்படிப் பார்க்குற? நான் உனக்கு என்ன துரோகம் பண்ணேன்?" என்று அவர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா? உனக்கு அந்தத் துணிக்கடை சரியாத்தானே இருந்துச்சு" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது தீர்ப்பு மாதிரி கேட்டது. எனக்கு வராதோ? நாற்பதுக்கு மேல் ஒரு புது வேலை என்று கிளம்பியதே தப்போ? சின்னவள் மட்டும் இதில் வந்து நிற்காமல் இருந்திருந்தால் 'போகப் போக வரும்' என்று இருந்திருப்பாள். பக்கத்திலேயே ஒருத்திக்குப் பிறவியிலேயே வந்த மாதிரி வரும்போது, தனக்கு வராதது உலகத்துக்கே தெரிந்துவிடுகிறதே!

ஒரு மத்தியானம் ஜெனரல் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். கை சரியா வரலேன்னா உங்களை கவுன்டருக்கு மாத்திடறேன். பில் போடுற அனுபவம்தான் நிறைய இருக்கே உங்களுக்கு."

கண்ணாடித் தடுப்பு, இயந்திரம், "சில்லறை இருக்கா?" எதை விட்டு ஓடி வந்தாளோ, அது இங்கே வந்து நாற்காலி போட்டுக் காத்திருந்தது. அதைவிட மோசம், பில் போட்டபடியே அவள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ரத்தம் எடுக்கும் அறை. உள்ளே சின்னவள்.

*

அடுத்த வாரத்தில் சின்னவளின் பிள்ளைக்குக் காய்ச்சல். அவள் ஒரு நாள் லீவு.

அன்றைக்கென்று காலையில் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. ஓர் அலுவலகத்திலிருந்து மொத்தமாக ஆட்களை அனுப்பியிருந்தார்கள். பெரியவளுக்குப் பயப்பட நேரமில்லை, மூச்சை இழுத்து விடச் சொல்ல நேரமில்லை. தட்டு எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கை தன் பாட்டுக்குப் போனது. உட்காருங்க, கையை நீட்டுங்க, முடிஞ்சுது, அடுத்தவங்க.

கூட்டம் வடிந்து, கிளவுஸைக் கழற்றியபோதுதான் உறைத்தது. ஒருவரையும் இரண்டாவது தடவை குத்தவில்லை.

சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தாள். மறுநாள் சின்னவள் திரும்பி வந்தாள், கதவோரம் வழக்கம்போல் நின்றாள். பெரியவளுக்கு இரண்டாவது ஆளிடமே ரத்தம் நின்றுபோனது.

சந்தேகமே இல்லை. இது இவள் வேலைதான்!

கிளவுஸும் பஞ்சும் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்குள் சின்னவள் போனதும், பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னடி பண்ற நீ?"

"பஞ்சு எடுக்குறேன் அக்கா."

"அதைக் கேக்கல. நேத்து நீ இல்ல, எனக்கு ஒண்ணுகூடத் தப்பல. இன்னிக்கு வந்து நின்ன, எல்லாம் போச்சு. நின்னு நின்னு பார்த்துக் கண்ணு வைக்கிறியா?"

சின்னவளின் கையிலிருந்த பஞ்சுப் பொட்டலம் கீழே விழுந்தது.

"நான் பார்க்குறேனா? பார்க்குறது நீங்க அக்கா! நான் தட்டை எந்தப் பக்கம் வெச்சா நீங்களும் அந்தப் பக்கம். நான் எங்க நின்னா நீங்களும் அங்க. நான் தும்மினா நீங்களும் தும்முவீங்க போலிருக்கு!"

"நான் எதுக்குடி உன்னைப் பார்த்துத் தும்மணும்?"

"அப்போ எதுக்குக் கை மாத்துறீங்க? நான் இடக்கைக்காரி! இடது கையால குத்துறேன், கடைசி வரைக்கும் அதே கையில பிடிச்சிருக்கேன். நீங்க வலது கையால குத்திட்டு, என்னைப் பார்த்து இடது கைக்கு மாத்துறீங்க. மாத்துற நேரத்துல ஊசி நகராம என்ன செய்யும்?"

பெரியவள் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சின்னவள் இடக்கைக்காரி என்பது தெரியாத சங்கதியா? காய் நறுக்கும்போது பக்கத்தில் நின்றால் முழங்கையால் இடிக்கிறாள் என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள்! ஆனால் லேப்பில், ஊசி உள்ளே இறங்கும் அந்த நொடியில் அவள் சின்னவளின் கையைப் பார்த்ததே இல்லை. முகத்தைத்தான் பார்ப்பாள். இன்றைக்காவது தப்புமா, அந்த முகம் சுருங்குமா என்று. தப்பவில்லை என்று தெரிந்த பிறகே பார்வை கைக்கு இறங்கும். அப்போது பிடி இடது கையில் இருக்கும்.

"எப்ப கவனிச்ச இதை?"

சின்னவள் குனிந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்தாள். நிமிர அவசரப்படவில்லை.

"கேக்குறேன்ல?"

"குடைக்காரருக்கு நீலமாச்சே... அன்னிக்கு."

"அன்னிக்கேவா? அப்பவே சொல்லியிருக்கலாமேடி! நான் தினம் தினம் செத்துப் பிழைச்சதைப் பார்த்துக்கிட்டே நின்னியா?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சரியாயிடுவீங்க." சின்னவள் பொட்டலத்தின் ஓரத்தைக் கிள்ளினாள். "வீட்டுல சாவிக்கொத்து உங்ககிட்ட. ஜன்னலுக்கு என்ன திரை போடலாம்னா உங்களைக் கேக்கணும். என் புருஷனே எதுக்கெடுத்தாலும் 'அண்ணிகிட்ட கேட்டுக்கோ'ம்பாரு. வந்த நாள்லேர்ந்து நீங்கதான் எல்லாத்துலயும் முன்னால. இங்க மட்டும்தான் அக்கா, ஜனங்க உங்களைத் தாண்டி என்னைத் தேடி வந்தாங்க. நல்லா இருந்துச்சு."

அறைந்துவிடலாம் போல இருந்தது பெரியவளுக்கு. கூடவே, சொல்ல வெட்கமான ஓர் இனிப்பும் நெஞ்சில் இறங்கியது. இவளுக்கு என் மேல் பொறாமையா! அந்தச் சாவிக்கொத்து இடுப்பில் உறுத்துகிற உறுத்தல் இவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

"சரி, இப்ப மட்டும் ஏன் சொன்ன? பாவம்னா?"

"பாவமெல்லாம் இல்ல. கண்ணு வைக்கிறியான்னு கேட்டீங்களா, கோவத்துல வாய்ல வந்துடுச்சு" என்று சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "சொல்லியிருக்கவே மாட்டேன்."

*

வெளியே வந்ததும் ஜெனரல் எதிர்ப்பட்டார். "உங்களைத்தான் தேடினேன். இப்பத்தானே ஒருத்தருக்கு ரெண்டு தடவை குத்தினீங்க? மாசக் கடைசி வரைக்கும் வேண்டாம். நாளையிலேர்ந்து கவுன்டர்."

பழைய பெரியவளாக இருந்தால் "சரிங்க மேடம்" என்றிருப்பாள். நாக்கு நுனியில் அந்த 'சரிங்க' வந்தேவிட்டது. அதை விழுங்கினாள்.

"மேடம், அடுத்த ஆளுக்கு உங்க முன்னால எடுக்கிறேன். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

"இத்தனை நாள் பார்க்கலையா நான்?"

"யாருக்கு ரெண்டு தடவை குத்தினேன்னு பார்த்தீங்க மேடம். என் கையைப் பார்க்கல."

கவுன்டரில் தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம் நின்றது. ஜெனரலிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பின்னால் நின்ற சின்னவளின் முகம் வெளுத்தது. அடுத்து தன் பெயர்தான் வரப்போகிறது என்று நினைத்திருப்பாள்.

"தப்பா ஒரு பழக்கம் பிடிச்சுக்கிட்டேன். விட்டுட்டேன்" என்றாள் பெரியவள், அவ்வளவுதான். சின்னவளைக் காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் இல்லை. அவளைப் பார்த்துக் காப்பியடித்தேன் என்று இந்த வாயால் சொல்வதைவிடக் கவுன்டரே மேல்.

"எப்ப விட்டீங்க?"

"இப்பத்தான் மேடம்."

ஜெனரல் சிரிக்கவில்லை. பெஞ்சைப் பார்த்து, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

எழுந்து வந்தவர் குடைக்காரர்.

உள்ளே எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றார். "இவங்களா? சின்ன மேடம் லீவா?"

"இல்ல சார், இருக்காங்க. ஆனா இன்னிக்கு நான் எடுக்கிறேன்."

"ஏம்மா, போன தடவை ஆனது இப்பத்தான் மஞ்சளுக்கு வந்திருக்கு."

"அப்ப இன்னொரு கையைக் கொடுங்க. தப்பிப் போச்சுன்னா உங்க குடையாலயே என்னை ஒரு போடு போடுங்க சார். மேடம் சாட்சி."

அவர் ஜெனரலைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குடையை வசதியாக மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

பெரியவள் தட்டைத் தூக்கித் தன் இடப்பக்கம் வைத்தாள். நாற்காலியைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் நரம்பைத் தேடினாள். மூன்று ட்யூப் எடுக்க வேண்டும். இதுவும் போனால்? கை மாற்றியது மட்டும்தான் காரணம் என்று யார் சொன்னது? ஒருவேளை நிஜமாகவே எனக்கு வராதோ?

நேற்று கை மாற்றாமல் வந்ததே, அதே கைதானே இது.

ஊசி இறங்கியது. முதல் ட்யூப் நிறைந்தது. இடது கை பழக்க தோஷத்தில் பிடியை வாங்கிக்கொள்ள நீண்டது. ச்சீ, உனக்கு இங்கே என்ன வேலை என்று அதைத் தட்டுக்கு விரட்டினாள். வலது கை பிடியை விடவில்லை. இடது கை தடுமாறித் தடுமாறி, அழகே இல்லாமல், முதல் ட்யூபை உருவி இரண்டாவதைச் செருகியது. சிவப்பு ஏறியது. மூன்றாவது. அதிலும் ஏறியது.

பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"முடிஞ்சுதா?" குடைக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, குடைக்கு வேலை இல்லாமப் போச்சே!"

ஜெனரல் மூன்று ட்யூபையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கவுன்டருக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிடறேன்" என்று ட்யூபுகளிடம் சொல்லிவிட்டு நடந்தார். கதவு வரை போய்த் திரும்பினார். "நல்லா இருக்கு."

அந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்ததும் பெரியவள் முதலில் செய்த காரியம், திரும்பிச் சின்னவளின் முகத்தைப் பார்த்ததுதான். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகம் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் குளியலறைக் கண்ணாடியில் தினம் பார்த்த முகம்தான்.

*

சாயங்காலம் வழக்கம்போல் சின்னவள் ஸ்கூட்டரை ஓட்ட, பெரியவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சிக்னல் தாண்டின.

"சந்தோஷம்தான் அக்கா" என்றாள் சின்னவள், சாலையைப் பார்த்தபடி.

"தெரியுதே, குரல்லயே."

சின்னவள் ஒரு பேருந்துக்கு ஒதுங்கி வழி விட்டாள். வேண்டாத இடத்தில் ஹாரன் அடித்தாள். கடைசியில் தாங்கவில்லை.

"அக்கா..."

"ம்?"

"ட்யூபை உருவும்போது கட்டை விரலை எங்க வெச்சீங்க? ஊசி கொஞ்சம்கூட ஆடலையே. எனக்கே லேசா ஆடும், வெளிய தெரியாது."

பெரியவள் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். காற்று ரொம்ப நன்றாக இருந்தது.

"கவனிச்சியா அதை?"

"சொல்லுங்களேன்."

"அது ஒரு வித்தை."

"அக்கா, சொல்லுங்க அக்கா!"

"சொல்றேன், சொல்றேன். முதல்ல ரோட்டைப் பாரு."

கட்டை விரல் எங்கே இருந்தது என்று அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. அதைச் சொல்லும் உத்தேசமும் அவளுக்கு இல்லை.